பெட் ஷீட் டேலி ஆகவில்லை!

பி.காம். படித்தவனுக்கு 'ஷீட்' என்றால் ஒன்றே ஒன்றுதான். பேலன்ஸ் ஷீட்! இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக வரவேண்டும். வராவிட்டால் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்புப் போட்டு, வித்தியாசத்தை அதில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். மூன்று வருஷம் காலேஜிலும், ஏழு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீசிலும் அடியேன் கற்றுக்கொண்ட மொத்த வித்தை இவ்வளவுதான்.

பெட் ஷீட்டுக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் கிடையாது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பத்தாறு வயதாகியிருக்கிறது.

காட்சியைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தே கால். மடிப்பாக்கத்தில் எங்கள் மாடி வீடு. பாத்ரூமுக்கு வெளியே வாஷிங் மெஷின். அது துணியை அலசி முடித்து, பிழிவதற்காகச் சுற்ற ஆரம்பிக்கிறது. முதலில் 'ஊ...ம்' என்று ஒரு மெல்லிய சத்தம். அப்புறம் 'தட்... தட்...' அப்புறம் 'தடால், தடால்!' மெஷின் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கோயில் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதுபோல ஆடி அசைந்து ஒன்றரை அடி முன்னே வருகிறது. நான் ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறேன். அது என்னையும் சேர்த்து ஆட்டுகிறது. தூக்கக் கலக்கத்தோடு வந்த என் மனைவி அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ரெண்டு பேருக்கும் சண்டையா, சமாதானமா?" என்கிறாள்.

கடைசியில் மெஷின் 'பீப், பீப்' என்று அழுதுவிட்டு நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்தால், உள்ளே பெட் ஷீட் என்று ஒன்று இல்லை. இரண்டு ஷீட்டும், ஒரு லுங்கியும், இரண்டு தலையணை உறையும், ஒரு துண்டும் சேர்ந்து வைக்கோல் பிரி மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரே வடமாகக் கிடக்கின்றன. நுனி எது, அடி எது என்று தெரியாது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் இன்னொரு முனை இறுகுகிறது. நடுவில் கைவிட்டுப் பிடுங்கினால் வருவது லுங்கியின் ஓரம்.

மேன்ஷனில் இருக்கிற தம்பிமார்களே, சிரிக்காதீர்கள். உங்கள் பெட் ஷீட் முறுக்கிக்கொள்ளாததற்குக் காரணம், நீங்கள் அதைத் துவைப்பதே இல்லை என்பதுதான். எனக்குத் தெரியாதா? நானும் திருவல்லிக்கேணியில் நான்கு வருஷம் குப்பை கொட்டியவன். தீபாவளிக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம்.

இப்போது என் வீட்டில் தினமும் ஒரு தரம். சில நாள் இரண்டு தரம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2023 செப்டம்பரில் மயிலாடுதுறை வீட்டில் அப்பா வழுக்கி விழுந்தார். எழுபத்துநான்கு வயது. இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்ததும் சென்னைக்கு அழைத்துவந்துவிட்டோம். தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக்கொடு என்று கேட்காதவர். ரிடையர் ஆகும்வரை தன் வேட்டியைத் தானே துவைத்தவர்; அதுவும் காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில் துலாக்கட்டத்துக்குப் போய்த்தான் துவைப்பார். அப்படிப்பட்டவருக்கு இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு எட்டு அடி நடக்க ஐந்து நிமிஷம். ராத்திரியில் அந்த ஐந்து நிமிஷம் பல நாள் போதவில்லை.

'அதற்குத்தான் டயபர் இருக்கிறதே' என்பீர்கள். நாங்களும் ஒரு பாக்கெட் வாங்கி வந்தோம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது, கைக்குழந்தைக்கு வாங்கினதா?" என்றார். அத்தோடு அந்த பாக்கெட் அலமாரிக்கு மேலே போய்விட்டது.

நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுத்து, நடுவில் இரண்டு மூன்று கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு என்று வீட்டோடு இருப்பவன். மனைவி ஏழு இருபது மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவள். ஆகவே துவைக்கும் இலாகா என்னிடம் வந்தது. நியாயம்தான்.

சத்தம்தான் பிரச்னை. கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் மூன்றாம் நாளே மாடியேறி வந்தார். "சார், மாடியில மாவு மில்லு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அவர் போனபின் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"எல்லாம் என்னாலதான், இல்ல?"

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த பெட் ஷீட் விவகாரத்தை ஆடிட் பண்ணியே தீருவது!

முதலில் மெக்கானிக் வந்தார். மெஷினின் நான்கு காலையும் திருகி மட்டம் பார்த்தார். ஒரு கால் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, சரிசெய்தார். பிறகு உள்ளே கிடந்த வடத்தைப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க போடுறதுதான் சரியில்ல" என்று சொல்லி நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மூன்று வார்த்தை அதிகமாகப் பேசியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இன்ஜினீயரிங் படித்த என் மச்சான் ஒருவன் உண்டு. அவன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். டபுள் காட் ஷீட் என்று கடையில் விற்பது 90 அங்குலத்துக்கு 108 அங்குலம். பருத்தியாக இருந்தால் உலர்ந்த நிலையிலேயே முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். தண்ணீர் குடித்தால் இரண்டு கிலோவைத் தொடும். மேலே மூடி உள்ள மெஷின் பிழியும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 700 சுற்று சுற்றுகிறது. தொட்டியின் நடுவிலிருந்து ஓரம் 20 சென்டிமீட்டர் என்றால், ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணி தன் எடையைப் போல நூறு மடங்குக்கும் அதிகமாக வெளியே இழுக்கும். அதாவது இரண்டு கிலோ ஷீட் ஒரே பக்கம் ஒதுங்கினால் இருநூறு கிலோ ஆசாமி ஒருவர் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து உலுக்குகிற மாதிரி!

"எதிர்ப் பக்கத்துல இன்னொரு ரெண்டு கிலோ இருந்தா சரியாப் போயிடும் அத்தான். டேலி ஆகணும், அவ்வளவுதான்" என்றான்.

டேலி! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குப் புரிகிற பாஷை அதுதானே.

மெஷினும் லேசுப்பட்டதல்ல. எடை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தால் பல மெஷின்கள் தாமாகவே மறுபடி தண்ணீரை நிரப்பி, துணியை ஒரு குலுக்குக் குலுக்கி, இன்னொரு முறை முயற்சி செய்து பார்க்கும். அதுவும் சரிப்படவில்லையென்றால்தான் பீப் சத்தம் போட்டுக் கையை விரிக்கும். எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து நிமிஷ வேலை ஒன்றே கால் மணி நேரம் ஆனதும், டேங்க் காலியானதும் இதனால்தான்.

சரி, ஒரு பக்கம் ஏன் ஒதுங்குகிறது? முறுக்கிக்கொள்வதால். ஏன் முறுக்கிக்கொள்கிறது? இங்கேதான் கணக்கு இடித்தது. மெஷினின் அடியில் இருக்கும் தட்டு கொஞ்ச நேரம் இடப்பக்கம் சுற்றுகிறது. அப்புறம் அதே அளவு வலப்பக்கம் சுற்றுகிறது. வரவும் செலவும் சமம். முறுக்கு பூஜ்யமாகத்தானே வரவேண்டும்? வராது. ஷீட்டின் ஒரு முனை இன்னொரு மடிப்புக்கு அடியில் ஒரு தரம் நுழைந்துவிட்டால், அதன்பின் எந்தப் பக்கம் சுற்றினாலும் அது வெளியே வராது, இறுகத்தான் செய்யும். தப்பான என்ட்ரியைப் போட்டுவிட்டு, ரிவர்ஸ் என்ட்ரி போடப்போய் அதையும் தப்பாகப் போடுகிற புது அசிஸ்டன்ட் மாதிரி!

இதற்கு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. பெட் ஷீட்டை வைத்து அல்ல, நூலை வைத்து. அமெரிக்காவில் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்று இரண்டு பேர் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு, அந்தப் பெட்டியை விநாடிக்கு ஒரு சுற்று வீதம் பத்து விநாடி உருட்டிவிட்டு, முடிச்சு விழுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு தரமல்ல, 3,415 தரம்! 2007-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. (எனக்கும் ஒன்று கொடுக்கலாம். 3,415-க்கு மேல் பிரித்திருப்பேன்.) அவர்கள் கண்டது என்னவென்றால், நூலின் நீளம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறவரை முடிச்சே விழவில்லை. நீளம் கூடக் கூட முடிச்சு விழும் வாய்ப்பு விறுவிறுவென்று ஏறியது. நூல் விறைப்பாக இருந்தால் முடிச்சு குறைவு. உருள்வதற்கு இடம் குறைந்தாலும் முடிச்சு குறைவு.

ஷீட் நூல் இல்லைதான். ஆனால் ஒரு தரம் சுருண்டுவிட்டால் ஏழெட்டு அடிக்கு மேல் நீளமான கயிறுதானே அது? துவண்ட கயிறு வேறு. இந்த அரை மீட்டர் சமாச்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது இது எதற்குப் பயன்படும் என்று தோன்றவில்லை.

அடுத்த ஒரு மாதம் நான் செய்த பரிசோதனைகளைக் கேட்டால் நீங்கள் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவீர்கள்.

ஷீட்டின் நான்கு முனைகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். முறுக்கு குறைந்தது, வாஸ்தவம். ஆனால் முடிச்சு நனைந்து கல்லாக இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியதாயிற்று. முடிச்சுக்குள் சோப்புத் தண்ணீர் போகாததால் நான்கு முனையிலும் அழுக்கு வேறு. ரப்பர் பேண்ட் போட்டேன்; ரப்பர் பேண்டைக் காணவில்லை. அமெரிக்காவில் சிண்டி பிரே என்ற பெண்மணி, நான்கு முனைகளையும் செருகிவைக்க ஒரு சதுரமான பிளாஸ்டிக் சாமான் கண்டுபிடித்து, 2021-ல் 'ஷார்க் டேங்க்' டி.வி. நிகழ்ச்சிக்கே கொண்டுபோனார். அதே யோசனைதான். முடிச்சுக்குப் பதில் செருகல். அந்த அம்மாளும் என்னை மாதிரி ஒருநாள் பல்லால் கடித்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு ஷீட்டை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். முறுக்க ஆள் இல்லையே, பேசாமல் இருக்கும் என்று எண்ணம். அதுதான் இருந்ததிலேயே பெரிய கூத்து. தனி ஷீட் ஒரே பந்தாகச் சுருண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எதிர்ப் பக்கம் தாங்க ஒன்றுமே இல்லை. அன்றைக்கு மெஷின் வந்த வேகத்தில் சமையலறை வாசல்வரை வந்துவிட்டது.

எலாஸ்டிக் வைத்த ஷீட் ஒன்று எங்கள் கல்யாணத்துக்கு யாரோ பரிசு கொடுத்தது. அது இன்னும் மோசம். நான்கு மூலையும் நான்கு சுருக்குப் பை. கைக்குட்டை, உள்பனியன், குழந்தை சட்டை என்று எது பக்கத்தில் வந்தாலும் விழுங்கிவிடும். என் பெண்ணின் ஸ்கூல் சாக்ஸ் ஒன்று காணாமல் போய், ஒற்றை சாக்ஸோடு போக மாட்டேன் என்று அவள் ஒரு நாள் லீவே போட்டுவிட்டாள். ஒரு வாரம் கழித்து அதே ஷீட்டைக் கட்டிலில் விரிக்கும்போது மூலையிலிருந்து சாக்ஸ் விழுந்தது. அன்றிலிருந்து சின்னத் துணி எதுவும் ஷீட்டோடு சேர்வதில்லை.

விஷயத்தைப் பாதி தீர்த்தவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்தான். அவருடைய அண்ணன் சேத்துப்பட்டு டோபி கானாவில் துவைக்கிறவர். லாட்ஜ் ஷீட்டுகளாகவே துவைத்துப் பழக்கம். என் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, பெட்டியைக் கீழே வைத்தார்.

"சுருட்டி அமுக்கிப் போட்டா சுருட்டிக்கினுதான் சார் வெளிய வரும். நீ எப்டிப் போடறே?"

"மொத்தமா அள்ளி..."

"அதான் சொல்றேன். வூட்ல அம்மா பொடவைக்குக் கொசுவம் வெக்கறாங்கல்ல? அந்த மாரி மடிச்சு மடிச்சு உள்ள வுடு. ஒன்ன இந்தப் பக்கம் வுடு, இன்னொன்ன எதிர்ப் பக்கம் வுடு. நடுவால சுத்திப் போடாத. தண்ணி நெறைய வுடு. துணி மெதக்கணும் சார். குந்தக் கூடாது."

கொசுவம்! பதினொரு வருஷமாக தினம் காலையில் கண்ணெதிரே நடக்கிற காரியம். அதில் பாடம் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். ஒரே எடையுள்ள இரண்டு ஷீட். கூட ஒரு லுங்கி, துண்டு, சாக்ஸ் எதுவும் கிடையாது. தொட்டியில் முக்கால் பாகத்துக்கு மேல் துணி இல்லை. தண்ணீர் அளவை உச்சத்தில் வைத்தேன். அலசி முடித்து, பிழிவதற்குமுன் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து இரண்டு ஷீட்டையும் தூக்கி ஒரு உதறு உதறி, எதிரெதிர்ப் பக்கமாக வைத்து மூடினேன். (முன்பக்கக் கதவு உள்ள மெஷின்காரர்கள் இதைச் செய்வதற்குமுன் தண்ணீரை வடித்துவிடுங்கள். என் நண்பர் ஒருவர் வடிக்காமல் திறக்கப் பார்த்தார். கதவு திறக்காமல் அவரைக் காப்பாற்றிவிட்டது.) 'ஊ...ம்' என்று ஆரம்பித்தது. 'தட், தட்' என்று இரண்டு தரம். அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே நின்றது.

ஆனால் ஒன்று. இதெல்லாம் இரண்டு ஷீட் இருக்கிற நாளில். அப்பா கட்டிலில் ஒரு ராத்திரிக்கு ஒரு ஷீட்தான் நனையும். அதற்கு ஜோடி சேர்ப்பதற்காக நனையாத ஷீட்டையும் எடுத்துப் போட வேண்டியிருந்தது. மழைக்காலம் வேறு. இரண்டு ஷீட்டை எங்கே உலர்த்துவது? ஹால் முழுக்கக் கொடி கட்டி, கூத்துக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது வீடு. விருந்தாளி வந்தால் திரையை விலக்கிக்கொண்டு கட்டியங்காரன் மாதிரி நான் பிரவேசிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3, 4. அந்த இரண்டு நாளை சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரன்ட் போனது போனதுதான். மூன்று நாள் வரவில்லை. கீழ் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் ஹவுஸ் ஓனர், அவர் மனைவி, மாமியார், ஒரு பூனை, எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அன்று ராத்திரியும் ஷீட் நனைந்தது. காலையில் நான் அதைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் பின்பக்கம் போனபோது ஹவுஸ் ஓனர் பார்த்துவிட்டார். என் கையைப் பார்த்தார். அறைக்குள் அப்பாவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மாவு மில் பற்றிக் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மொட்டை மாடியில மழைத் தண்ணி பிடிச்சு வெச்சிருக்கேன். வாங்க சார், ஆளுக்கு ஒரு கை போடுவோம்" என்றார்.

அலசியாயிற்று. பிழிய வேண்டும். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. நடுவாசலில் நின்று முறுக்கினோம். முறுக்கினோம், முறுக்கினோம், தண்ணீர் சொட்டுகூட விழவில்லை. ஷீட் பாட்டுக்கு ஸ்கிப்பிங் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உள்ளேயிருந்து ஒரு அதட்டல். "டேய்! என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?"

மூன்று மாதமாக நான் கேட்காத குரல். தாலுகா ஆபீஸ் குரல்.

"அவர் இடப்பக்கம் சுத்தறார், நீ வலப்பக்கம் சுத்தறே. எதிரெதிரா நிக்கறப்போ அது ரெண்டும் ஒரே பக்கம்தாண்டா! ரெண்டு பேரும் அவங்கவங்க வலப்பக்கம் சுத்துங்க. முறுக்கு தானா விழும். அதுக்கு முன்னாடி நீளவாக்குல ரெண்டு மடிப்பு மடி. ஓரம் உள்ள போகணும். ஓரம் வெளிய தொங்கினாத்தான் அது போய் இன்னொண்ணுல சிக்கும்."

கட்டிலைக் கதவோரம் நகர்த்திப் போட்டோம். அப்பா சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்த்தார். நீளவாக்கில் இரண்டு மடிப்பு. இருவரும் வலப்பக்கம். தண்ணீர் கொட்டியது பாருங்கள், குழாயைத் திறந்த மாதிரி!

"போதும், போதும். இனிமே முறுக்கினா நூல் அறுந்துடும். பிரிக்கறப்போ எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?" என்றார் அப்பா. ஹவுஸ் ஓனர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி, "இடப்பக்கம் சார்" என்றார்.

மூன்று நாளும் இதே கச்சேரிதான். கரன்ட் வந்தபின் நீளவாக்கு மடிப்பையும் கொசுவத்தோடு சேர்த்துக்கொண்டேன். மடித்த ஷீட் விறைப்பான பட்டை மாதிரி இருப்பதால் சட்டென்று சுருளவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிசம்பர் நடுவில் அப்பாவுக்குக் காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். "பெரியவர் தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டார். "குடிக்கறாரே" என்றேன். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மனைவி ராத்திரி வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. பெண்ணைக் கேட்டேன். "தாத்தா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குடிக்க மாட்டாருப்பா. குடிச்சா மெஷின் சத்தம் போடும்னு சொன்னாரு" என்றாள். அவளிடம் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார்.

நான் ஷீட் முறுக்குவதைப் பற்றி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து அறையில் தாகத்தோடு படுத்திருந்திருக்கிறார்.

ஐந்து நாள் ஊசி. போட வந்த சிஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முதல் நாளே கட்டிலைப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய ஷீட்டையா தினமும் துவைக்கீங்க?" என்றார். "வார்டுல நாங்க டிரா ஷீட் போடுவோம் சார். கட்டிலுக்குக் குறுக்க, இடுப்புக்குக் கீழ மட்டும். அடியில ஒரு ரப்பர் ஷீட். ஓரத்த ரெண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில செருகிடணும். நனைஞ்சா அத மட்டும் உருவிட்டு வேற ஒண்ணு. பெரிய ஷீட் வாரத்துக்கு ஒருக்க மாத்தினாப் போதும். வீட்ல பழைய வேட்டி இல்லையா?"

இருந்தது. அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் டிரங்குப் பெட்டியில் ஏழு. துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி ஆகிவிட்டவை. என் பெண் பிறந்தபோது மயிலாடுதுறையிலிருந்து இப்படி இரண்டு வேட்டிதான் கிழித்து அனுப்பினார். இப்போதும் அவரே கிழித்தார். பல்லால் ஓரத்தில் ஒரு கடி, 'சர்...' என்று நேர்க்கோடாக ஒரு இழுப்பு. என்னிடம் கொடுக்கவில்லை, "உனக்கு நேரா வராது" என்றார். ஒரு வேட்டிக்கு மூன்று துண்டு. நாலாக மடித்தால் தண்ணீரையும் நன்றாக உறிஞ்சுகிறது.

நனைந்த துண்டை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிப் பக்கெட்டில் போட்டுவிட வேண்டும் என்றார் சிஸ்டர். அதனால் வாடை தங்குவதில்லை. காலையில் மூன்று நான்கு துண்டுகள் சேரும். எல்லாம் மூன்றேமுக்கால் அடித் துண்டுகள். முடிச்சு விழாத அரை மீட்டரைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிசுதான். ஆனால் மெல்லிசு, எடை கிடையாது. நான்கும் தொட்டியில் நான்கு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. முறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மின்விசிறியில் இரண்டு மணி நேரத்தில் உலர்கிறது. சான் டியாகோக்காரர்கள் 3,415 தரம் பெட்டியை உருட்டிக் கண்டுபிடித்ததை அந்த சிஸ்டர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரிய ஷீட் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு நானும் அப்பாவும் சேர்ந்து மடிப்போம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு ஓரம், நான் நின்றபடி ஒரு ஓரம். நீளவாக்கில் இரண்டு மடிப்பு. என் முனை இன்றுவரை கோணல்தான்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை, ஐந்தரை மணி இருக்கும். அறையிலிருந்து கூப்பிட்டார்.

"ஏண்டா, இன்னிக்கு மெஷின் போடலையா?"

"அரை மணி நேரமா ஓடிக்கிட்டிருக்குப்பா. பிழியறது இப்ப."

கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு கையை நீட்டி சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். காலி சொம்பை என்னிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் கொண்டா. வெந்நீரா இருந்தா தேவலை" என்றார்.